காதைத் தொட்டவள்

ஒரே ஒரு ஊரிலே, வருஷத்தில் ஒன்பது மாசம் வெயில் காய்கிற ஊரிலே, வயசை முந்திக்கொண்டு கை வளர்ந்த ஒருத்தி இருந்தாளாம். உம். அவளுக்கு ஆவுடைத்தாய் என்று பேராம். உம். முழுப்பேரையும் அச்சடிக்கச் சட்டையின் முதுகில் இடம் பத்தாமல் ஆவுடை என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்களாம், தாய் கழன்று போச்சாம். உம். நானே சொல்லி நானே உம் கொட்டிக்கொண்டு எல்லைக்கயிற்றுக்கு நாலு எட்டு உள்ளே நிற்கிறேன். வேறு யார் கொட்டுவார்கள். கதை என்றால் எதிரே ஒருத்தர் உம் கொட்ட வேண்டும், உம் நின்றால் கதையும் நின்றுவிடும், எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பா பால்வண்ணம் மின்வாரியத்தில் லைன்மேன். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. அந்தச் சாயங்காலங்களில் கையில் விசிறியோடு கதையை ஆரம்பிப்பார், ரெண்டு வாக்கியத்துக்கு ஒருதரம் நிறுத்தி, என்ன தாயி, இருக்கியா போயிட்டியா என்பார். இருக்கேன்ப்பா. இங்கேதான் இருக்கேன். சென்னையில், ஆயிரக்கணக்கில் நாற்காலி போட்ட மைதானத்தில், இலவச அனுமதிக்கு வந்த அறுநூறு எழுநூறு பேர் முன்னால், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, முப்பத்தைந்தாவது வயசில் முதல்முதலாக நாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறேன். பேப்பரில் முப்பத்தாறு என்று வந்திருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் நிற்கிற இடத்துக்கு இந்த ஓவரில் ஃபைன் லெக் என்று பேர். அடுத்த ஓவரை எதிர்ப்பக்கத்திலிருந்து போடும்போது இதே இடம் லாங் ஆஃப் ஆகிவிடும். இடம் மாறாது, பேர்தான் மாறும், நான் நகரவே வேண்டாம். கேப்டன் ரித்திமா யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். அவளுக்கு இருபத்திநாலு வயசு, ஹிஸாரோ ரோத்தக்கோ, அந்தப் பக்கத்துப் பெண், என்னை தீதி என்பாள், அக்கா என்று அர்த்தம், மரியாதையாகத்தான் சொல்வாள், பெரியவர்களைக் கல்யாண வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார வைக்கிற மாதிரியான மரியாதை. நாற்பத்தோராவது ஓவர் நடக்கிறது. அவர்களுக்கு ஜெயிக்க இருநூற்றுப் பதினைந்து வேண்டும், நூற்று எழுபத்தாறு எடுத்தாகிவிட்டது, ஏழு பேர் அவுட். நான் நாலு ஓவர் போட்டேன். முப்பத்தொரு ரன், விக்கெட் இல்லை. முதல் ஓவரிலேயே மூன்றாவது பந்து விரலில் வியர்வை வழுக்கி, தரை தொடாமல் ஃபுல் டாஸாகப் போய், அந்த உயரக்காரி, இன்னும் அவுட்டாகாமல் நிற்கிறாளே அவள், தூக்கி அடித்த அடியில் பந்து என் தலைக்கு மேலே போய் இதோ இந்த வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அதற்கப்புறம் மூன்று ஓவர் கொடுத்தாள், பிறகு தீதி ரெஸ்ட் என்றாள். யாரைக் கேட்டு ரெஸ்ட். பதினேழு வருஷம் ரெஸ்டில்தான் இருந்தேன். இன்னும் ஆறு ஓவர் எனக்கு பாக்கி, அவள் இந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பாவிட்டால் இதுதான் கடைசி. வழக்கமாக ஆஃப் ஸ்பின் போடுகிற பெண்ணுக்கு விரல் முறிந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள், தொடரில் இது கடைசி மேட்ச், அவள் விரல் மார்ச்சில் சரியாகிவிடும். மார்ச்சில் நான் மதுரை ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டரில் இருப்பேன். ஒரு விக்கெட். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். விக்கெட் என்ற கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று.

"இன்னா ஆயா, முட்டி வலிக்குதா? சேர் போடச் சொல்லட்டா?"

வேலிக்குப் பின்னால் அந்த ஹெல்மெட்காரர். மத்தியானத்திலிருந்து இருக்கிறார். நாற்பத்தைந்து வயசிருக்கும், கட்டம் போட்ட சட்டை, பக்கத்துச் சீட் காலியாக இருந்தும் ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், குழந்தையை வைத்திருப்பது மாதிரி. அந்த சிக்ஸர் அவர் காலடியில்தான் விழுந்தது, எடுத்துப் போட்டவரும் அவர்தான், போடும்போது, இந்தா, நீ போட்டதைவிட நல்லா போட்டுக் குடுத்திருக்கேன் பாரு என்றார். சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். கடல் காற்று இப்போதுதான் எழும்புகிறது, சட்டை முதுகில் ஒட்டினது விட்டு மறுபடி ஒட்டுகிறது, ஆள்காட்டி விரல் ஓரத்தில் காய்ப்பு வெடித்து எரிகிறது. கிழக்கிலிருந்து காற்று. பந்து வலமிருந்து மிதந்து போய் உள்ளே திரும்பும். இந்தக் காற்றில் யாராவது ஆஃப் ஸ்பின் போடாமல் இருப்பார்களா. ரித்திமா வேகப்பந்து போடுகிற சின்னப்பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இருவரும் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறார்கள், நான் உதட்டைப் படித்துவிடப் போகிறேன் என்பது போல. எனக்கு இந்தியே வராது தாயி. படி, படி என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார், வரவில்லை.

அப்பாவுக்கு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்படி ஒரு அவசரம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள், அப்பா கம்பத்தில் இருப்பார், வீட்டில் என்னைப் பிடித்து வைக்க ஆள் கிடையாது. ஜூன் மாசம் சைக்கிள் பாரில் துண்டு சுற்றி உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். ஹெட்மாஸ்டர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். என்னய்யா, பால்குடிப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கே. அஞ்சு ஆயிடுச்சு சார். பிறந்த தேதி? அதான் சார், ஆடி மாசம், நல்ல காத்து, பசுவந்தனை லைன்ல மரம் விழுந்த அன்னைக்கு. மரம் விழுந்ததையெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுத முடியாதுய்யா. பிறகு என்னைப் பார்த்து, ஏ பாப்பா, இங்க வா, வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடு பாப்போம். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் அதுதான் பரீட்சை. அஞ்சு வயசு ஆகாத பிள்ளைக்கு எட்டாது, தலை பெரிசாகவும் கை குட்டையாகவும் இருக்கும். வெளியே வரிசையில் எத்தனையோ பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்து, தோளைத் தூக்கி, எட்டாமல் அழுதுகொண்டு நிற்கின்றன, அவர்களுக்கெல்லாம் அடுத்த வருஷம் வா என்று சொல்லியாயிற்று. நான் தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் காதைப் பிடித்து இழுத்தும் காட்டினேன். எனக்கு நாலு வயசு முடிய இன்னும் ரெண்டு மாசம் இருந்தது. ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து, அஞ்சு வயசு ஆக எந்தத் தேதி வேண்டுமோ அந்தத் தேதியை எழுதினார். ஜூன் ஒன்று. என்னோடு படித்தவர்களில் பதினெட்டுப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அப்பா திரும்பி வரும்போது சைக்கிளில் பாட்டுப் பாடினார். ஒரு வருஷத்தை அங்கே மேஜையில் விட்டுவிட்டு வந்தது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

நாற்பத்திமூன்றாவது ஓவர். இப்போது இது லாங் ஆஃபா, ஃபைன் லெக்கா. ஃபைன் லெக். பந்து வருகிறது, உருண்டுதான் வருகிறது, ஓடு, குனி, எடு, எறி. முட்டி சொல்கிறது நான் இருக்கிறேன் என்று. கீப்பர் ஜின்சி நான் எறிந்ததைப் பிடித்துக் கையுறையை உயர்த்திக் காட்டுகிறாள். வயநாட்டுப் பெண், சென்னை லீகில் மூன்று வருஷம் ஆடிக் கற்றுக்கொண்ட தமிழ், இந்த அணியில் நான் வாயைத் திறந்து பேச ஒரே ஆள். கொள்ளாம் சேச்சி. கொள்ளாம் என்றால் நன்று, சேச்சி என்றால் அக்கா. முதல்நாள் அவள் அப்படிச் சொன்னபோது உடம்பு சட்டைக்குள் கொள்ளாது என்கிறாள் போல என்று நினைத்துச் சோற்றைக் குறைத்துக்கொண்டேன். எறிகிற கை அதே கைதான். வலது கை. கோவில்பட்டி ஹாக்கி ஊர், எந்த மைதானத்துக்குப் போனாலும் மட்டை வளைந்துதான் இருக்கும். இந்தக் கையைப் பார்த்து ஹாக்கி மாஸ்டர் வீடு தேடி வந்தார், கோல்கீப்பராகப் போடுகிறேன் என்று. நான் மாட்டேன் என்றேன். வாழ்க்கையில் மெதுவாகப் பேசாமல் நான் சொன்ன ஒரே மாட்டேன் அது. தண்டவாளத்துக்கு அந்தப்புறம் ஆண்பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள், நான் ஓரமாக நின்று வருகிற பந்தை எறிந்து கொடுப்பேன், ஒருநாள் எறியும்போது விரலைத் திருகினேன், பந்து விழுந்து ஓடாமல் திரும்பிப் போச்சு. பாம்பு திரும்புவது போல. அந்தப் பையன் மட்டையை வைத்துக்கொண்டு பந்தைத் தேடினான். அப்போது அடிவயிற்றில் ஒன்று குளிர்ந்ததே, அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் இத்தனையும். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. காலையில் மைக்கோடு ஒருத்தி வந்தாள், மேடம், முப்பத்தாறு வயதில் அறிமுகம், இளம்பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். பசிக்கிறது என்று சொல்ல விரும்பினேன். உழைக்க வேண்டும் என்று சொன்னேன். உழைத்தது போதும் என்று இருந்தது.

உம். அப்புறம் என்ன ஆச்சாம். அப்புறம் அந்த நீளக்கைக்காரிக்குப் பதினெட்டு வயசாச்சாம், பத்தொன்பது வயசுக்குட்பட்டோர் மாநில அணிக்குத் தேர்வு வந்ததாம், மூன்று நாளில் பதினாலு விக்கெட் எடுத்தாளாம். நாலாவது நாள் சான்றிதழ் பார்க்கிற மேஜை. ரப்பர் ஸ்டாம்ப்பை ஊதி ஊதி வைத்த ஒரு ஆள். செப்டம்பர் ஒன்றுக்கு மேலே பிறந்திருக்கணும்மா, நீ ஜூன் ஒண்ணு, தொண்ணூத்திரண்டு நாள் அதிகம். சார், அது சரியான தேதி இல்லை, எனக்கு உண்மையிலே ஒரு வயசு கம்மி. அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னையும் அப்பாவையும் பார்த்தார். அப்பா காக்கிச் சட்டையில், இடுப்பில் கட்டிங் பிளேயரோடு, லீவு கிடைக்காமல் வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். அந்த ஆள் சொன்னார்: அண்ணே, இங்க வர்ற அத்தனை பேரும் இதைத்தான் சொல்றாங்க. யாராவது ஒருத்தர் எனக்கு ஒரு வயசு கூடன்னு சொல்லிட்டு வரட்டும், நான் வேலையை விட்டுப் போயிடறேன். அப்பா சிரித்தார். அவமானமாக இருந்தால் அப்பா சிரிப்பார். அந்த அணியில் அந்த வருஷம் சேர்ந்தவளுக்கு முந்தின வருஷமும் பதினெட்டு, அதற்கு முந்தின வருஷமும் பதினெட்டு. எல்லாரும் வருஷத்தைக் குறைத்துக்கொண்டு வருகிற இடத்தில் கூட்டி எழுதிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான். எலும்பைப் படம் பிடித்து வயசைப் பாருங்கள் என்று அப்பா கெஞ்சினார். கையை நீட்டு தாயி, காட்டு தாயி. நான் நீட்டினேன். நீட்டின கையைப் பார்த்துவிட்டு அந்த ஆள், இவ்வளவு நீளக் கையை வச்சுக்கிட்டு வயசு கம்மிங்கிறீங்களேண்ணே என்றார். அங்கேயும் இந்தக் கைதான்.

அப்புறம் தள்ளிக்கொண்டே போச்சு. பெரியவர்கள் அணிக்கு வந்தபோது அங்கே நின்றவர்களுக்கு இடம் நிலைத்திருந்தது. அவர்கள் போனபோது சின்னவர்கள் வந்தார்கள். ரயில்வேயில் வேலை கிடைத்தது, கவுண்டர், காலை எட்டிலிருந்து ரெண்டு, ரெண்டரைக்கு வலைப்பயிற்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து படிவம் படிவமாக வயசு வரும். அஞ்சு வயசுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், அதனால் என் கவுண்டர் முன்னால் வந்த எல்லாக் குழந்தைக்கும் நாலரை வயசுதான், மீசை முளைத்த நாலரை வயசெல்லாம் பார்த்திருக்கிறேன். நான் எதையும் திருத்துவதில்லை. பிள்ளையின் கையைப் பார்ப்பேன், காதுக்கு எட்டுமா எட்டாதா என்று மனசுக்குள் சுற்றிப் பார்ப்பேன், அடித்துக் கொடுத்துவிடுவேன். வருஷம் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது ஆனபோது கோச் சொன்னார், நீ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே ஆவுடை. முப்பத்திரண்டில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள், இன்னும் அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு அலையுதியே. யாரும் விரட்டவில்லை. விரட்டினால் திரும்பிக் கடிக்கலாம். எல்லாரும் தடவிக்கொடுத்துத்தான் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். நான் போகவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது, போகாமல் இருந்தேன். இப்போதும் ரித்திமா தடவித்தான் கொடுத்திருக்கிறாள். இங்கே நில் தீதி. நிற்கிறேன். பயம்தான். பந்து இந்தப் பக்கம் உயரமாக வந்து நான் விட்டுவிடுவேனோ என்ற பயம், வரவே வராதோ என்ற பயம், ரெண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் குத்துகிறது.

எட்டாவது விக்கெட். ஓடினதில் குழப்பம், ரன் அவுட். எல்லாரும் நடுவில் ஓடிக் கட்டிக்கொள்கிறார்கள். நான் போய்ச் சேருவதற்குள் கலைந்துவிடும், பாதியில் நின்று கை தட்டிவிட்டுத் திரும்புகிறேன்.

"இன்னாத்துக்கு ஓடுற? ரிட்டையர்மென்ட் அன்னிக்கு கால் ஒடைச்சுக்கப் போற." ஹெல்மெட்காரர். "முப்பத்தாறு வயசுல ஊட்ல குந்தாம."

"முப்பத்தஞ்சு அண்ணாச்சி."

எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. கயிற்றருகே நிற்கும்போது பேசக்கூடாது என்று காலையில் மானேஜர் சொல்லியிருந்தார். அவரும் எதிர்பார்க்கவில்லை, ஹெல்மெட்டை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றினார்.

"தமிளா நீ? பேப்பர்ல முப்பத்தாறுன்னு போட்ருக்கான்."

"பேப்பர்ல போட்டா ஆயிருமா?"

"எந்த ஊரு?"

"கோவில்பட்டி."

"கல்லமிட்டாய் இட்டாந்தியா?"

"இந்த ஓவர் முடியட்டும், தாரேன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரைப் பார்த்து. நான் திரும்பிக்கொண்டேன். காது சுடுகிறது. முப்பத்தஞ்சு. சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. பதினேழு வருஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அந்த ரப்பர் ஸ்டாம்ப்காரர் மாதிரிதான் சிரிப்பார்கள், திருத்தக் கேட்டால் பொய்க்காரி என்று இருந்ததையும் பறித்துவிடுவார்கள். அதனால் அந்த ஒரு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று உள்ளுக்குள்ளே மட்டும் அரைத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் இப்போது யோசித்தால், பிடுங்கி யார் வைத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டரா. அவர் செத்துப் பத்து வருஷமாச்சு. காகிதம்தான் முன்னால் ஓடிப்போச்சு, தோளும் முட்டியும் இன்னும் பின்னால் நடந்து வருகின்றன. இவர்கள் எல்லாரும் என்னை முப்பத்தாறு என்று நினைத்து முடித்துவிடுகிற நாளைக்கு எனக்கு முப்பத்தைந்துதான் ஆகியிருக்கும். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வருஷம் என்னிடம் இருக்கிறது. ஒரு முழு வருஷம், வெயிலும் மழையும் மார்ச்சும் ஜூனும் உள்ள வருஷம். மார்ச்சில் விரல் சரியாகட்டும் அந்தப் பெண்ணுக்கு. நல்லா ஆகட்டும். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

நாற்பத்தாறாவது ஓவர் முடிந்தது. இருநூற்று நாலு, எட்டு விக்கெட். பதினோரு ரன், இருபத்திநாலு பந்து. உயரக்காரி எழுபத்தேழில் நிற்கிறாள். ரித்திமா சின்னப்பெண்ணைத் தேடுகிறாள், அவள் மிட் ஆனில் குனிந்து ஷூ கயிறு கட்டுகிறாள். யார் போடுவது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை இன்னும். என் கால் நடக்கிறது. கயிற்றிலிருந்து நடு மைதானம் எண்பது எட்டு இருக்கும், எண்ணவில்லை, எண்ணினால் நின்றுவிடுவேன். யாராவது கூப்பிட்டால் போவது என்றுதான் வளர்ந்தவள், கூப்பிடாமல் யார் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. புல் மேல் ஷூவின் ஆணி இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பந்து போடப் போகிறவர் முதலில் தொப்பியைக் கழற்றி அம்பயரிடம் கொடுக்க வேண்டும், அது முறை. தொப்பி போய்விட்டால் ஓவர் அவருடையது. நான் ரித்திமாவைப் பார்க்கவில்லை. காலையில்தான் கைக்கு வந்த தொப்பி, அளவு பெரிசு, காது வரை இறங்கும், அதைக் கழற்றி அம்பயரம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தை என் கையில் வைத்துவிட்டு, வலது கையா என்று வழக்கம்போலக் கேட்டாள். வலது கைதான் என்றேன், தமிழில். அப்போதுதான் ரித்திமா திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம், வீட்டில் ஓரமாகக் கிடந்த நாற்காலி நடந்து வந்தால் பார்ப்பது போல. இனி அவள் அம்பயரிடமிருந்து என் தொப்பியை வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் அதை அறுநூறு பேர் பார்ப்பார்கள், எதிரணி பார்க்கும். தீதி, என்றாள். ஸ்லிப், என்றேன். எனக்கு ஒரு ஸ்லிப் வேணும். கீப்பருக்குப் பக்கத்தில், விளிம்பில் பட்டு வருகிற பந்தைப் பிடிக்க ஒரு ஆள், விரலால் காட்டினேன். என் விரலைப் பார்த்தாள். பிறகு கையைச் சொடுக்கி ஒருத்தியை ஸ்லிப்புக்கு அனுப்பினாள். ஜின்சி ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து கத்துகிறாள், வா சேச்சி, எறிஞ்ஞோ.

விரல் எரிகிறது, எரியட்டும், எரிகிற இடத்திலேயே பந்தின் தையலை வை. முதல் பந்து, தடுக்கிறாள். ரெண்டாவது, தட்டிவிட்டு ஒரு ரன் ஓடி இந்தப் பக்கம் வந்துவிட்டாள் உயரக்காரி, என் தோளைத் தாண்டிப் போகும்போது அவளுடைய வியர்வையில் என்னவோ எலுமிச்சை வாசனை. மூன்றாவது பந்தை மற்றவள் விரட்டினாள், ஃபீல்டர் தடுத்தும் ரெண்டு பேரும் ஓடப் பார்த்துத் திரும்பினார்கள், ரன் இல்லை, ஆனால் திரும்பின அவசரத்தில் அந்த மற்றவள் தடுமாறிக் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தோம். காத்திருக்க எனக்குத் தெரியும். நாலாவது பந்தில் அவளே விழுவாள் என்று எனக்குத் தோன்றியது, வலியில் கால் நகராது, ஆனால் எனக்கு வேண்டியது அவள் இல்லை, இப்படி ஒரு பேராசை, கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, கிடைப்பதை எடுத்தே பழகாதவளுக்கு என்ன பேராசை. நாலாவதில் ஒற்றை ரன். உயரக்காரி என் எதிரே. இருநூற்று ஆறு. அவள் தலைக்கவசக் கம்பிக்குள்ளே சிரிக்கிறாள், அந்த ஃபுல் டாஸ் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் ஞாபகம் இருக்கு கண்ணு. காற்று கிழக்கிலிருந்து. கையை இன்னும் மேலே கொண்டுபோ, தலையைச் சுற்றிக் காதைத் தொடப் போகிற மாதிரி மேலே, அங்கேயிருந்து விடு. விட்டேன். அவள் இறங்கி வந்தாள், ரெண்டு எட்டு, பந்து அவள் நினைத்த இடத்துக்கு வரவில்லை, அதற்கு முன்னாலேயே பொத்தென்று இறங்கிவிட்டது, விழுந்து ஓடாமல் திரும்பியது, மட்டைக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்குள்ளே புகுந்தது. மரத்தின் சத்தம். அந்தச் சின்னச் சத்தம். அடிவயிற்றில் குளிர்ந்தது. தண்டவாளத்துக்கு அந்தப்புறம் குளிர்ந்தது போலவே, துளிகூட மாறாமல். எல்லாரும் ஓடி வந்து மேலே விழுகிறார்கள், ஜின்சி கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ மலையாளத்தில் சொல்கிறாள், நான் கும்பலுக்கு நடுவில் கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இது எந்தா சேச்சி. அட்மிஷன், என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அப்பா விசிறியைக் கீழே வைத்திருப்பார். முடியவில்லை. பதினோராவது ஆள் வந்து கடைசிப் பந்தைத் தடுத்தாள். அடுத்த ஓவர் சின்னப்பெண் போட்டாள், அஞ்சு ரன். நாலு ரன் வேண்டும், ஒரு விக்கெட், நாற்பத்தொன்பதாவது ஓவர், இந்தத் தடவை ரித்திமாவே பந்தை என்னிடம் தூக்கிப் போட்டாள். ஸ்லிப் வேண்டாம் தீதி, ஒற்றை ரன்னை அடைக்கணும், என்று கையால் காட்டினாள். வேணும் என்றேன். இல்லை என்றாள். சரி, அணி அவளுடையது. எதிரே பதினோராவது ஆள், இருபது வயசுகூட இருக்காது, மட்டையால் கோட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். ரெண்டு பந்து தடவினாள். மூன்றாவது பந்தைத் திருப்பாமல் நேரே விட்டேன், அவள் திரும்பும் என்று நினைத்து ஆடினாள், நான் நினைத்தபடியேதான் ஆடினாள், விளிம்பில் பட்டது. நல்ல விளிம்பு. ஸ்லிப் நிற்க வேண்டிய இடத்தில், இடுப்பு உயரத்தில், யாருமில்லாத காற்றைத் துளைத்துக்கொண்டு போய், நான் ரெண்டு மணிநேரம் நின்ற மூலைக்கு மறுபக்கத்து மூலையில் கயிற்றைத் தொட்டது. நாலு. முடிந்தது.

ரித்திமா மைதானத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, நான் புரிந்துகொள்ளக்கூடிய சின்னச் சின்ன ஆங்கில வார்த்தையில், இனிமேல் என்னைக் கேட்காமல் தொப்பியைக் கொடுக்காதே என்றாள். நான் சொன்னேன்: கொடுப்பேன். அதுவும் மெதுவாகத்தான் சொன்னேன். என்னையே பார்த்தாள். ஸ்லிப் வைத்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ரெண்டு பேருக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. கை குலுக்கல், வரிசை, படம் எடுப்பு. பலகையில் என் பேருக்கு நேரே: அஞ்சு ஓவர் மூன்று பந்து, முப்பத்தேழு ரன், ஒன்று. ஒன்று. தோற்றுப்போனதுக்கு நான்தான் காரணம் என்று நாளைக்கு எழுதுவார்கள், முப்பத்தாறு என்றும் எழுதுவார்கள். எழுதட்டும். நடந்து போய்த் தொப்பியைக் கொடுத்ததை நான் திரும்பவும் செய்வேன், மதுரையில் செய்வேன், கட்டாந்தரையில் செய்வேன். என்னிடம் ஒரு வருஷம் இருக்கிறது.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நான் தண்ணீர் பாட்டில் எடுக்க அந்த மூலைக்கு வந்தேன், பாட்டில் சாக்குதான். நாற்காலி வரிசைகள் காலி. ரெண்டு போலீஸ்காரம்மாக்கள் போனார்கள். சுண்டல் விற்றவர் போனார். ஹெல்மெட்காரர் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மிட்டாய் எங்க?"

"ஒண்ணு தந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன் பாத்தேன். அந்த நெட்டச்சி மூஞ்சியப் பாக்கணுமே." வேலிக்கு மேலாக ஸ்டம்புப் பக்கம் கையைக் காட்டினார். "கடைசில அங்க ஒரு ஆளு நிக்க வச்சிருந்தா புட்சிருக்கும்."

"உம்."

"அப்பால? அடுத்த மேட்ச் எங்க?"

"தெரியாது அண்ணாச்சி. ஆனா இருக்கு."

"உம்," என்றார்.

ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார், கன்னம் பிதுங்கியது, அதோடு ஏதோ சொன்னார், கேட்கவில்லை. படியேறி, நாற்காலிகளுக்கு நடுவே, ஒருதரமும் திரும்பாமல் நடந்து போனார்.